உடன் ஒலிக்கும் தந்தி

பிறருக்குத் துணை நிற்பது நன்று என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எப்படித் துணை நிற்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. தாழ்ந்த குரலில் பேசும் ஒருவருக்காக நாம் வாய் திறக்கும்போது, அவர் பேசும் அதே தாழ்ந்த குரலிலேயே நாமும் பேச வேண்டுமா? அல்லது நமக்கு வாய்த்த உயர்ந்த குரலில், ஊர் கேட்கும்படி, அவர் சொன்னதையே சொல்ல வேண்டுமா? முன்னது உண்மையுள்ள துணை எனத் தோன்றுகிறது. ஆனால் ஒருவருக்கு இருவராக முணுமுணுத்தால் அது யார் காதில் விழப்போகிறது? பின்னது பயனுள்ள துணை எனத் தோன்றுகிறது. ஆனால் அப்போது கேட்பவர் யாருடைய குரலைக் கேட்கிறார்?

இக்கேள்விக்கு விடையை அறநூல்களில் தேடுமுன், இசைக்கருவி செய்வோரின் பட்டறையில் சற்றுத் தேடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். இரட்டைத் தந்தி பூட்டிய கருவிகளைச் செய்வோரும் வாசிப்போரும் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியைத் தம் கைகளால் ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அவர்கள் இதனை அறநெறிச் சிக்கல் என்று அழைப்பதில்லை. 'தாழ்ந்த தந்திக்குப் பக்கத்தில் எந்தத் தந்தியைக் கட்டுவது?' என்பதே அவர்கள் கேள்வி.

மாண்டலினை அருகில் இருந்து பார்த்தவர்கள் அறிவர்: அதில் தந்திகள் தனித்தனியாக இரா, இரண்டிரண்டாக நெருங்கி நிற்கும். ஒரே விரல் இரண்டையும் அழுத்தும்; ஒரே மீட்டு இரண்டையும் ஒலிக்கச் செய்யும். மாண்டலினின் நான்கு இணைகளிலும் இரு தந்திகளும் ஒரே தடிப்பு, ஒரே சுரம். ஆனால் எல்லாக் கருவிகளும் அப்படி அல்ல. பன்னிரு தந்திக் கிட்டாரில் மேலிரு இணைகள் மட்டுமே ஒத்த தந்திகள். கீழ்நான்கு இணைகளில் தடித்த தந்தி ஒன்றும், அதைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்கும் மெல்லிய தந்தி ஒன்றும் சேர்ந்து நிற்கின்றன. போர்த்துக்கல் நாட்டின் பாடோ பாடல்களுக்கு வாசிக்கும் கித்தாராவில் ஆறு இணைகள். அவற்றுள் தாழ்ந்த மூன்றில் இவ்வாறு. புவர்த்தோ ரிக்கோ தீவின் குவாத்ரோவில் ஐந்து இணைகள். தாழ்ந்த இரண்டில் மட்டும் இவ்வாறு. ('குவாத்ரோ' என்றால் நான்கு என்று பொருள், பெயர் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது.) ஆண்டீசு மலைமக்களின் சராங்கோவிலோ ஐந்து இணைகளுள் நடுவில் உள்ள ஒன்றுக்கு மட்டுமே இந்த ஏற்பாடு. ஆக, எங்கே ஒத்த தந்தி, எங்கே உயர்ந்த தந்தி என்பதை ஒவ்வொரு மக்களும் தத்தம் செவிக்கு ஏற்பத் தீர்மானித்திருக்கின்றனர்.

ஒரு ஸ்தாயி உயர்தல் என்பது விந்தையான உறவு. அதிர்வு இருமடங்காகிறது, எனினும் சுரத்தின் பெயர் மாறுவதில்லை. ஞாயிறு காலையில் கோவிலில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாடலைப் பாடுகிறோம். ஆண்கள் ஒரு ஸ்தாயியிலும், பெண்களும் சிறுவர்களும் அதற்கு மேல் ஸ்தாயியிலும் பாடுகின்றனர். யாரும் அவர்களுக்கு அவ்வாறு கற்பிக்கவில்லை. இருவேறு உயரங்களில் ஒலிக்கும் அதனை 'ஒரே குரலாய்ப் பாடினோம்' என்றே சொல்கிறோம். அதில் நமக்கு முரண்பாடு எதுவும் தெரிவதில்லை. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கிவரும் 'சிக்கல்கள்' என்னும் கிரேக்க நூலின் 19ஆம் பகுதி, இசைவான சுர உறவுகள் பல இருக்க இந்த ஒன்றை மட்டும் மக்கள் சேர்ந்து பாடுவது ஏன் என்று கேட்கிறது. ஆண்களும் சிறுவர்களும் சேர்ந்து பாடுவதையே அந்நூலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பழந்தமிழில் நரம்பு என்றால் யாழின் தந்தி. அதுவே சுரத்திற்கும் பெயர். அந்நரம்புகளுக்கு இடையிலான உறவுகளை இணை, கிளை, நட்பு, பகை என்று மனித உறவுகளின் பெயராலேயே நம் முன்னோர் வகுத்தனர். எனவே தந்திகளைக் கொண்டு மனிதரை எண்ணிப் பார்ப்பது நமக்குப் புதிது அன்று. தம்புராவிலும் இரண்டு வழிகளும் அருகருகே உள்ளன: நடுவில் உள்ள சாரணியும் அனுசாரணியும் ஒத்த சட்ஜங்கள், கடைசித் தந்தியாகிய மந்தரம் அவற்றுக்கு ஒரு ஸ்தாயி கீழே.

தாழ்ந்த தந்திக்கு உயர்ந்த துணை ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, தந்திகள் ஆட்டுக்குடலால் திரிக்கப்பட்ட காலத்திற்குச் செல்ல வேண்டும். தாழ்ந்த சுரம் வேண்டுமானால் நரம்பு தடிக்க வேண்டும். தடித்த குடல் நரம்போ விறைப்பானது. மீட்டியதும் ஒரு மந்தமான ஒலி எழுந்து உடனே அடங்கிவிடும். என்ன சுரம் என்று தெரிவதற்குள் அது மறைந்துவிடும். ஐரோப்பாவின் லூட் என்னும் கருவியில் இக்குறையைப் போக்கவே தாழ்ந்த நரம்பின் அருகே ஒரு ஸ்தாயி உயர்ந்த மெல்லிய நரம்பைக் கட்டினார்கள். தடித்தது ஆழத்தைத் தந்தது; மெல்லியது தெளிவைத் தந்தது. செவி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஆழமும் தெளிவும் உடைய ஒரே தந்தியைக் கேட்பதாக எண்ணிக்கொண்டது.

இங்கே நாம் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. எந்தத் தந்தியும் தன் அடிப்படைச் சுரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. அதனுள் மேல்சுரங்கள் பலவும் மெல்லக் கலந்திருக்கின்றன. அவற்றுள் முதலாவது, சரியாக ஒரு ஸ்தாயி உயர்ந்த அதே சுரம். ஆகவே துணைத் தந்தி வெளியிலிருந்து புதிய சுரம் எதையும் கொண்டுவருவதில்லை. தடித்த தந்திக்குள் ஏற்கெனவே இருந்து, அதன் விறைப்பினால் வெளிவர இயலாமல் அமுங்கிக் கிடந்ததைத்தான் அது எடுத்து ஒலிக்கிறது. பிறருக்காகப் பேசுவது முறையே என்று வாதிடுவோருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நம் ஊர்களில் நாள்தோறும் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறுகிறது. வாசலருகே மனு எழுதித் தருவோர் அமர்ந்திருக்கின்றனர். 'நாலு மாசமா கொழாயில தண்ணி வரலைங்க. புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாம ஓடைக்குப் போறேன்' என்கிறார் ஒரு தாய். எழுதுபவரின் பேனாவிலிருந்து, 'கடந்த நான்கு திங்களாக எங்கள் தெருவில் குடிநீர் வழங்கல் தடைப்பட்டுச் சுகாதாரக் கேடு விளைந்துள்ளமையைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொணர்கிறோம்' என்று வருகிறது. அவர் சொன்ன சுரம்தான்; ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்கிறது. அலுவலகத்தின் செவி அந்த உயரத்தில்தான் கேட்கும் என்பது எழுதுபவருக்குத் தெரியும். பங்குப் பேரவையில் பேசத் தெரியாதவருக்காகப் பேசும் ஆசிரியர், மருத்துவமனையில் பாட்டிக்காக மருத்துவரிடம் விளக்கும் பேத்தி, கூலித் தகராற்றில் முன்னே நிற்கும் படித்த இளைஞர் ஆகிய அனைவருமே இத்தகைய மெல்லிய தந்திகள்தாம். அவர்கள் செய்வது பெரும் உதவி. ஆனால் அந்தத் தாய் 'சுகாதாரக் கேடு' என்று சொல்லவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அது மனுவில் இல்லை.

இந்த இடத்தில்தான் ஜான் டவுலண்டின் மறுப்பு நமக்குப் பொருளுள்ளதாகிறது. ஆங்கிலேய லூட் கலைஞர்களுள் தலைசிறந்தவராகிய அவர் (1563–1626), தம் மகன் இராபர்ட் 1610இல் வெளியிட்ட லூட் பாடநூலில் நரம்பு கட்டும் முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். தடித்ததையும் மெல்லியதையும் சேர்த்துக் கட்டும் பழக்கம் சில நாடுகளில் இருந்தது என்றும், இசை விதிகளுக்கு ஒவ்வாதது என்பதால் கற்றறிந்தோர் அதனைக் கைவிட்டனர் என்றும் அவர் கூறுகிறார். தாழ்ந்த இணைகளிலும் ஒத்த நரம்புகளே வேண்டும் என்பது அவர் முடிவு.

இதனை ஒரு பண்டிதரின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடலாகாது. அக்காலப் பல்குரல் இசையில் ஒவ்வொரு குரலுக்கும் தனக்கென ஒரு வழி உண்டு. இரு குரல்கள் ஸ்தாயி இடைவெளியிலேயே சேர்ந்து நடந்தால், அவை இரண்டு குரல்கள் அல்ல. ஒன்று மற்றதின் நிழலாகிவிடுகிறது. அதனால்தான் அது விதிப்படி விலக்கப்பட்டது. லூட்டில் தாழ்ந்த குரலின் மேல் ஒரு நிழல் சுரம் தானாக ஒலிக்கும்போது, அச்சுரம் போய் விழும் உயரத்தில் நடுக்குரல் ஒன்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அங்கே யாரும் எழுதாத சுரம் ஒன்று புகுந்து அதன் வழியை மறிக்கிறது. இராகம் மேல் இணையிலிருந்து கீழ் இணைக்கு இறங்கி வரும்போது இன்னும் விந்தை: தடித்த தந்தி இறங்குகிறது, மெல்லியது மேலே தாவுகிறது. இராகம் இறங்கியதா ஏறியதா என்று செவி மயங்குகிறது. டவுலண்டின் மனத்தாங்கல் இதுதான் எனக் கொண்டால், அது நேர்மையானது. உதவ வந்தவர் உதவி பெறுபவரின் சொல்லை மட்டும் உயர்த்துவதில்லை. அவர் சொல்லாததையும் அவர் பெயரால் சொல்லிவிடுகிறார். பக்கத்தில் இருப்பவரின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறார்.

இவ்வாறு எது முன்னே கேட்கிறது என்பது, மீட்டும் தகடு எதை முதலில் தொடுகிறது என்பதையும் பொறுத்தது. பெரும்பாலான பன்னிரு தந்திக் கிட்டார்களில் மெல்லிய தந்தி வெளிப்புறம் நிற்கும். கை மேலிருந்து கீழே வரும்போது முதலில் அதையே தொடும். ஆகவே மணி கிலுங்குவதுபோல் ஓர் ஒலி முந்திக்கொள்ளும். அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனம் தன் மின் கிட்டார்களில் இவ்வரிசையை மாற்றி, தடித்த தந்தி முதலில் ஒலிக்கும்படி அமைத்தது. 1960களில் புகழ்பெற்ற அந்தக் கருவியின் ஒலி தனித்து அறியப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இரு வகையிலும் தந்திகள் அவையே; சுரங்களும் அவையே. யார் முதலில் பேசுவது என்பது மட்டும் மாறியது. மனு கொடுப்போர் குழுவில் யாரை முன்னே நிறுத்துவது என்று கூடிப் பேசியவர்களுக்கு இந்த வேறுபாட்டின் எடை விளங்கும்.

இனி ஒரு கருவி நாடு மாறிய கதையைப் பார்ப்போம். கிரேக்கத்தின் புசூக்கி நீண்ட தண்டி உடையது. பழைய வகையில் மூன்று இணைகள். ரி, த, ரி எனச் சுருதி கூட்டுவர். அவற்றுள் தாழ்ந்த இணையில் ஸ்தாயித் துணை உண்டு. 1950களில் மனோலிஸ் கியோத்திஸ் பரவலாக்கிய நான்கிணை வகையில் தாழ்ந்த இரண்டிலும் உண்டு. பிரேயுஸ் துறைமுகத்தின் ஏழை எளியவர் பாடிய ரெபேத்திக்கோ பாடல்களுக்கு உரிய கருவி இது. அப்பாடல்களின் தந்தை எனப் போற்றப்படும் மார்க்கோஸ் வம்வகாரிஸ் (1905–1972) சீரோஸ் தீவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்த்தடாக்ஸ் சபையினர் பெருவாரியாக வாழும் நாட்டில் அவர் சிறுபான்மையினருள் ஒருவர். 1935இல் அவர் பதிவுசெய்த 'பிராங்கோசிரியானி' என்னும் பாடலின் தலைப்பே சீரோஸ் தீவின் கத்தோலிக்கப் பெண் என்று பொருள்படும். இன்று அது கிரேக்கர் எல்லாருக்கும் சொந்தமான பாடல். இந்த இசையில் புசூக்கியே இராகத்தை வாசிக்கிறது. பாடகரோடு போட்டியிட்டு முன்னே நிற்கிறது. தாழ்ந்த தந்தியில் இராகம் இறங்கும்போது மேலே தெறிக்கும் அந்த இரட்டைச் சுரம் அங்கே குற்றம் அன்று, அதுவே அழகு.

1960களின் நடுப்பகுதியில் ஜானி மொய்னிகன் என்னும் அயர்லாந்துக் கலைஞர் இந்தப் புசூக்கியைத் தம் நாட்டு இசைக்குள் கொண்டுவந்தார். சில ஆண்டுகள் கழித்து அது டோனல் லன்னியின் கைக்கு வந்தது. லன்னி தாழ்ந்த இணைகளிலிருந்த மெல்லிய தந்திகளை நீக்கிவிட்டு, ஒத்த தடிப்புள்ள தந்திகளைக் கட்டினார். 1972இல் தொடங்கிய பிளாங்ஸ்டி குழுவில் கேட்பது அந்த ஒலிதான். ஏன் அவ்வாறு செய்தார் என்பதற்கு அந்த இசையிலேயே விடை உண்டு என்பது நம் எண்ணம். அயர்லாந்தில் இராகத்தை வாசிப்பவை குழலும் வயலினும், முழங்கையால் காற்றூட்டி ஊதும் அந்நாட்டுப் பைக்குழலும் ஆகும். வந்தேறிய புசூக்கிக்கு அங்கே இராகம் வாசிக்கும் வேலை இல்லை. கீழே நின்று தாங்கும் வேலைதான். ஸ்தாயித் துணை இருந்தால் அது ஒவ்வொரு மீட்டிலும் வயலினின் இடத்திற்குத் தாவும். மெல்லிய தந்தியை எடுத்தபோது கருவிக்கு ஆழம் வந்தது. இராகத்திற்கு இடம் கிடைத்தது. எனினும் அயர்லாந்து முழுவதும் லன்னியைப் பின்பற்றிவிடவில்லை. தனியாக அமர்ந்து ஒரு பாடலுக்கு வாசிப்போருள் பலர் இன்றும் ஸ்தாயித் துணையையே விரும்புகின்றனர். மேலே வயலின் இல்லாதபோது அந்த இடம் வெறுமையாக அன்றோ இருக்கிறது?

ஒத்த தந்திகளே தூய்மையானவை என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒத்த இரண்டு தந்திகள் உண்மையில் ஒருபோதும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒன்று நொடிக்கு 440 அதிர்வும் மற்றொன்று 441 அதிர்வும் கொண்டால், நொடிக்கு ஒருமுறை ஒலி வீங்கித் தணிகிறது. மாண்டலினின் மினுமினுப்பு அந்தச் சிறு பிசகில் பிறப்பதே. பிசகு சற்று மிகுந்தாலோ அது காதைக் குத்தும். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டப்பட்டவர்களிடையே மிகச் சிறிய வேறுபாடும் பெருங்குற்றமாகத் தெரிவதை நாம் குடும்பங்களிலும் சபைகளிலும் காண்கிறோம். சில இசைக்கு இரட்டையே பொருந்துவதில்லை. தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும்போது இரண்டும் ஒரே அளவாக உயர வேண்டும், அது எளிதன்று. கருநாடக இசையை மாண்டலினில் நிலைநாட்டிய யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டையைக் கைவிட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினை வாசித்தார்.

மெல்லிய தந்தியின் பாட்டையும் சொல்ல வேண்டும். அதைப் பேசுவோர் குறைவு. ஒரே நீளமும் ஒரே உலோகமும் கொண்ட இரு தந்திகளில் ஒன்று மற்றதைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிக்க வேண்டுமானால், அதன் உடலின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் நான்கு மடங்கு இழுவையைத் தாங்க வேண்டும். தடிப்பைக் கூட்டிப் போட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும், முடியாது. தடித்தால் இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடும். உயரத்தின் விலை அது. பன்னிரு தந்திக் கிட்டாரில் மூன்றாம் இணையின் மெல்லிய தந்தி நொடிக்கு 392 முறை அதிர்கிறது. கருவியின் முதல் தந்தியே 330தான். தாழ்ந்தவருக்குத் துணையாக வந்த அந்தத் தந்தி, கருவியில் உள்ள எல்லாவற்றையும்விட உயரத்தில் நிற்கிறது. அடிக்கடி அறுவதும் அதுவே. பிறருக்காகப் பேசுவோரைப் புகழ்தேடிகள் என்று எளிதில் பழிக்கும் நாம், அவர்களுள் பலர் எத்தகைய இழுவையில் நிற்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்ப்பது முறை. அறுந்துபோனவர்களை நாம் அறிவோம். அவர்கள் இடத்தில் வேறொருவரைப் பூட்டிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்ததையும் அறிவோம்.

இழுவைக்கு ஆளாகும் இந்தத் துணை என்றென்றும் தேவைப்படுமா? 1660களில், குடல் அல்லது பட்டு நரம்பின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் கலை இங்கிலாந்து நூல்களில் புதிய கண்டுபிடிப்பாகப் பேசப்பட்டது. கம்பி சுற்றிய நரம்பு, தடிக்காமலேயே கனக்கும். தாழ்ந்து ஒலித்தும் தெளிவாக ஒலிக்கும். அது பரவப் பல தலைமுறைகள் ஆயின. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஐந்து இணைகள் கொண்ட கிட்டார் ஆறு ஒற்றைத் தந்திகள் கொண்டதாக மாறியது. அவற்றுள் தாழ்ந்த மூன்றும் உலோகம் சுற்றியவை. தாழ்ந்த தந்திக்குத் தன் சொந்தக் குரல் வந்தது. துணைத் தந்தி இறங்கிக்கொண்டது. இந்த மாற்றத்தை நாம் மிகவும் விரும்புகிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனு எழுதுபவர் நல்லவரே. ஆனால் அந்தத் தாயின் மகள் கல்வி கற்று, தன் தாயின் சொற்களையே தானே எழுதிக் கொடுக்கும் நாள் அதனினும் நல்லது. அந்த நாள் வருவதை எழுதுபவர் விரும்புகிறாரா என்பதே அவருடைய துணையின் உரைகல் என்போம்.

ஆயினும் இந்த வாதத்தில் ஓர் இடறல் இருக்கிறது. புசூக்கியின் தாழ்ந்த தந்திகள் உலோகம் சுற்றியவையே. பன்னிரு தந்திக் கிட்டாரிலும் அப்படியே. தெளிவுக்காகத் துணை தேடும் நிலை அவற்றுக்கு இல்லை. இருந்தும் மெல்லிய தந்தி அங்கே நிற்கிறது. தேவை தீர்ந்த பின்னும் நீடிக்கும் இந்தத் துணையை என்னவென்பது? பழக்கம் என்று சிலர் சொல்லலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தேவைக்காகத் தொடங்கிய உறவு, தேவை நீங்கியபின் உறவுக்காகவே நிலைப்பதும் உலகில் உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் முக்கியமானது: அங்கே தடித்த தந்தி தனித்து ஒலித்தாலும் தெளிவாகக் கேட்கும். மெல்லியது அறுந்துபோனாலும் பாட்டு நிற்பதில்லை. வாசிப்பவர் அந்தப் பாடலை முடித்துவிட்டே புதுத் தந்தி பூட்டலாம்.

மறுபுறம், தடித்ததை எடுத்துவிட்டு மெல்லியதை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் இசைக்கலைஞர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களின் பெயரால் வழங்கும் ஒரு முறையில், ஆறு தந்திக் கிட்டாரின் தாழ்ந்த நான்கு தந்திகளையும் கழற்றிவிட்டு, அவற்றின் ஸ்தாயித் துணைகளை மட்டும் பூட்டுவர். கேட்க இனிமையாக, கண்ணாடி மணிகள் உருள்வதுபோல் இருக்கும். ஆனால் அதனைத் தனியே வாசிப்பது அரிது; வழக்கமான கிட்டார் ஒன்று உடன் ஒலிக்கும்போதுதான் அதன் அழகு நிறைவு பெறுகிறது. மக்களின் பெயரால் பேசும் கூட்டங்கள் சிலவற்றில், அந்த மக்களுள் ஒருவரும் இல்லாத மேடையின் இனிய பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இம்முறை நம் நினைவுக்கு வருகிறது.

நேர்மையான விடை ஒன்றை 1674இலேயே ஒருவர் எழுதிவைத்தார். ஸ்பெயினின் கலந்தா ஊரில் பிறந்து, சாலமாங்காவில் இறையியல் பட்டம் பெற்ற காஸ்பார் சான்ஸ், சரகோசாவில் அச்சிட்ட தம் கிட்டார் பாடநூலில் இரு பழக்கங்களை எடுத்துக்காட்டுகிறார். ரோமாபுரி ஆசிரியர்கள் தடித்த நரம்பே போடாமல் எல்லாவற்றையும் மெல்லியனவாகக் கட்டினர். ஸ்பெயினிலோ தாழ்ந்த இரு இணைகளில் தடித்தவற்றைக் கட்டினர். இரண்டும் நல்லவையே என்கிறார் சான்ஸ். ஓங்கி அடித்து வாசிக்கவும், பாட்டுக்குத் தாழ்குரல் சேர்க்கவும் தடித்த நரம்பு வேண்டும். நுணுக்கமாக விரலால் மீட்டி மணியோசைபோல் வாசிக்க மெல்லியன வேண்டும். நீ எதை வாசிக்கப் போகிறாய் என்பதை முதலில் தெரிந்துகொள் என்பதே அவர் அறிவுரையின் சாரம்.

நாம் அதனோடு ஒரு கேள்வியைச் சேர்க்கத் துணிகிறோம்: யாருடைய குரல் கேட்கப்பட வேண்டும்? கேட்கப்பட வேண்டியவர் விறைத்த குடல் நரம்புபோல் பேச முடியாமல் இருக்கையில் அவருக்கு அருகே உயர்ந்து ஒலிப்பது கடமை. அங்கே ஒத்து முணுமுணுப்பது பணிவு அன்று, ஒதுங்கிக்கொள்ளுதல். அவர் பேசத் தொடங்கிய பிறகு, அவர் உயரத்திற்கே இறங்கி வந்து தோள்கொடுப்பது பொருத்தம். லன்னி தம் கருவியில் செய்தது இதுதான். எந்தக் கட்டத்தில் எது என்பதை முன்கூட்டியே விதியாக வகுத்துவிட இயலாது. செவிதான் சொல்ல வேண்டும்.

மாற்றுவதற்கு மனமிருந்தாலும் கருவி உடனே இடங்கொடாது என்பதையும் கைத்தொழிலாளர்கள் அறிவர். தந்திகள் தண்டியின் உச்சியில் மேருவின் பள்ளங்களில் பதிந்து செல்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் அந்தந்தத் தந்தியின் தடிப்புக்கு ஏற்ப அராவப்பட்டது. மெல்லிய தந்தியின் பள்ளத்தில் தடித்தது இறங்காது. அதைச் சிறிய அரத்தால் அகலப்படுத்திக்கொள்ளலாம். தடித்ததன் பள்ளத்தில் மெல்லியதை வைத்தாலோ அது தளர்ந்து அதிர்ந்து கரகரக்கும். ஒருமுறை அகன்ற பள்ளம் தானாகக் குறுகாது. எலும்புத் துகளால் அதனை அடைத்துச் சீர்செய்ய வேண்டும். இல்லையேல் புதிய மேருவையே செதுக்கிப் பொருத்த வேண்டும். அதனால் அனுபவமுள்ள தொழிலாளர், தந்தி மாற்ற வருபவரிடம் முதலில் கருவியை வாசித்துக் காட்டச் சொல்கிறார். அரத்தைப் பிறகுதான் எடுக்கிறார்.